இருபத்துமூன்றாவது கிளிப்

"கழட்ட வேணாம், டேப் ஒட்டி அடிச்சிடுங்க" என்றேன்.
தஸ்தகீர் டீ கிளாஸோடு
ஹெரால்டை ஒரு சுற்று சுற்றி வந்தார்,
பெண் பார்க்க வந்த வீட்டில்
சுவர் விரிசலைப் பார்ப்பவர்போல.
புதுப்பேட்டைச் சந்து. ஐப்பசி.
எழும்பூர்ப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.
"ஈரக்காத்துல அடிச்சா பெயிண்ட் பூத்துப்போகும்,
சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
பத்தொன்பது வருடமாய்
ஊரார் வண்டிக் கதவில் நகத்தை ஓட்டி
டேப் விட்டுப்போன வரப்பைத் தேடுவது என் பிழைப்பு.
ஒரு வரப்பு தட்டினால் போதும்,
'முன்பே அடிபட்டது' என்று எழுதிவிடுவேன்.
எத்தனை வயிற்றெரிச்சல்.
என் வண்டி என்று வந்ததும்
டேப் ஒட்டிடுங்க.

டில்லிபாபு அதற்குள் பேப்பர் ஒட்டத் தொடங்கிவிட்டான்.
பின் கண்ணாடி முழுக்க நினைவஞ்சலி.
இடது பக்கம் மணமகன் தேவை,
நல்ல குடும்பம், சொந்த வீடு, ஜாதகம் அவசியம்.

"ஒண்ணே ஒண்ணு கழட்டிப் பார்ப்போம்,
புடிக்கலைன்னா திரும்ப மாட்டிடறேன்."
பட்டிக் கத்திக்குத் துணி சுற்றி
ஜன்னலடி குரோமுக்குள் நுழைத்தார்.
டக்.
டக்.
சோம்பல் முறிக்கும் விரல்கள்போல
கிளிப்புகள் ஒவ்வொன்றாய் விட்டுக்கொடுத்தன.
அடியில் படிக்கட்டு:
கிரீம், அதற்குக் கீழே பச்சை,
அதற்கும் கீழே என்னவோ ஒரு சிவப்பு.
ஒவ்வொன்றும் பட்டியின் விளிம்பிலேயே நின்றிருந்தது.
எனக்கு முன்னால் மூன்று பேர்
இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.
கடைசிப் படிக்கும் கீழே
ஸ்க்ரூ டிரைவர் நுனி பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.
கை தானாகப் பேனாவைத் தேடியது.
முன்பே இருந்த சேதம். இழப்பீடு கிடையாது.

வேகம் வந்துவிட்டது எனக்கு.
"முன் கண்ணாடியையும் கழட்டிடுங்க!"
"அது வேணாம்" என்றார்.
"பட்டி வளைஞ்சா நிமித்திக்கலாம். கண்ணாடி போனா போனதுதான்."
பெட்டிக்கடையில் துணிக்கொடிக் கயிறு வாங்கிவரச் சொன்னார்.
சோப்புத் தண்ணீரில் நனைத்து
ரப்பர் உதட்டுக்கு அடியில் நெட்டுக்கும் செருகினார்.
சொட்டுமருந்துக்கு இமை தூக்கிக் கொடுப்பதுபோல்
ரப்பர் தூக்கிக்கொண்டது.
கண்ணாடி அசையவில்லை.
கழட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை.
இதற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

இரண்டு நாள் மழை பொறுத்தது.
சாம்பல்நீலம் மூன்று கோட்டு.
கிளிப்புகளை எண்ணினோம். இருபத்துமூன்றில் ஒன்று ஒடிந்திருந்தது.
சந்து சந்தாகத் திரிந்தேன்.
"ஹெரால்டுக்கா? இன்னும் ஓடுதா சார்?"
அம்பாசிடர் கிளிப்பை நீட்டினார் ஒருவர்,
மருமகன் செருப்பு மாமனாருக்கு.
பொருந்தவில்லை.

பேப்பரை உரித்தபோது
யாரோ ஒருவரின் பத்தாம் ஆண்டு நினைவு
பின் கண்ணாடியில் தலைகீழாய் ஒட்டியிருந்தது.
டில்லிபாபு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்,
பிறகு தின்னர் தொட்டுத் துடைத்தான்.

கிண்டி தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில்
முள் நாற்பத்தைந்தைத் தொட்டால்
இடது கதவில் டிர்ர்ர் என்று ஒரு சத்தம்.
ஏறியவர்கள் கேட்கிறார்கள்.
எந்த இடம் என்று எனக்குத் தெரியும்,
கைப்பிடிக்கு மேலே, மூன்றாவது ஓட்டை.
சிக்னலில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன்.
வரப்பு இல்லை.
நாற்பதுக்குக் கீழே வந்தால் சத்தம் நின்றுவிடும்.
நான் குறைப்பதில்லை.