தோல் பிரிவு

வேலூரில் நான் டோக்கன் நாற்பத்தேழு.
பேரணாம்பட்டு முதல் பஸ், வெறும் வயிறு.

டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி
படிக்கிற பிள்ளைகளிடம் இங்கிலீஷில் பேசினார்.
ஆறேழு தலைகள் குனிந்தன.
குரோம் என்றது மட்டும் புரிந்தது;
எங்கள் தொட்டிச் சொல் அது.

"எத்தனை நாளா?"
பதினோரு வருசம் என்பதற்குள்
எழுதி முடித்துவிட்டார்.

முகத்தைப் பார்க்கக் கூசி
செருப்பைப் பார்த்தேன்.
ஆட்டுத்தோல். எண்ணெய் சரியாக ஏறாதது.
இடது மடிப்பில் மயிரிழை வெடிப்பு,
ஐப்பசி மழை தாங்காது.
சொல்லியிருப்பேன்,
அவர் கேட்டிருந்தால்.

"தண்ணியில கையே வைக்கக் கூடாது, புரியுதா?"
புரியுதும்மா.
ராத்திரி ஷிப்டில் முழங்கை வரை தண்ணீர்.

நாற்பத்தெட்டைக் கூப்பிட்டார்கள்.
அவர் எழுந்து அடுத்த அறைக்கு நடந்தார்.
கிரீச், கிரீச்.
எண்ணெய் காணாத தோல்
அப்படித்தான் முனகும்.