தொடர்ச்சி

படப்பிடிப்பின் பதினோராம் நாள்
என் முன்பல் விழுந்தது.
பாதி கடித்த பேரிக்காயில்
நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

கதவுக்கு இந்தப் பக்கம் பல்லோடு வந்தவள்
அந்தப் பக்கம் ஓட்டையோடு போவதா என்றார் இயக்குநர்.
இந்தப் பக்கத்தை மே மாதம் எடுத்தார்கள்,
அந்தப் பக்கம் ஜூலையில்.
நடுவில் எனக்கு
ஓர் அடிதான் கொடுத்திருந்தார்கள்.

ஒப்பனைக்கார வார்லாம் மெழுகில் ஒரு பல் செய்தார்.
விளக்கு எரிந்ததும் அது இளகும்.
‘சீக்கிரம் சிரி, நானுலி.’
சீக்கிரம் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நாடே பார்த்தது.
பதினான்கு வயதில்
மூக்கில் பருவோடு ரொட்டி வரிசையில் நின்றவளை
‘நீயா அந்தக் குட்டி?’ என்றார்கள்,
நான் அவளைத் தின்றுவிட்டதைப் போல.

அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.
திபிலிசியில் மின்சாரமில்லாத குளிர்காலங்கள்.
ஸ்டுடியோ நாற்காலிகளை உடைத்து
அடுப்பில் வைத்ததாகக் கேள்வி.
பிற்பாடு கல்யாண வீடியோ எடுத்தேன்.
மணமகள் கேக் வெட்டும் நேரத்தில்
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
விரல்களை நீட்டி மடக்கிய தங்கையை எடுத்ததற்குப்
பாதிக் கூலி.
அந்த நாடா இன்னும் என்னிடம் இருக்கிறது.

இப்போது நாற்காலி என்னுடையது.
முதுகில் என் பெயர்,
ஓர் எழுத்துப்பிழையோடு.

இன்று காலை நீத்சா
வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்,
எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி.
‘திற.’
முன்பல் இல்லை.

கணினியில் ஒட்டிவிடலாம் என்கிறார் தயாரிப்பாளர்.
பல்லுக்கு என்ன விலை என்று
விசாரித்தும் வைத்துவிட்டார்.
தொடர்ச்சி பார்க்கும் பெண் தாளை நீட்டுகிறாள்:
காட்சி நாற்பத்தொன்று, மூன்றாம் மாடி, பல் உண்டு.
காட்சி நாற்பத்திரண்டு, நான்காம் மாடி.
‘ஒரு மாடி ஏறுவதற்குள் பல் விழுமா?’

விழும்.
லிஃப்ட் காசு போட்டால்தான் நகரும்,
இவளிடம் காசில்லை,
நடந்துதான் ஏறுகிறாள்.
அதற்குள் என்னென்னவோ நடக்கும்.

விளக்கு. ஓசை. ஓட்டம்.
நீத்சா ஏறுகிறாள்,
நாக்கால் அந்த ஓட்டையைத் துழாவிக்கொண்டே.
யாரும் சொல்லித் தரவில்லை.
என் நாக்கும் எழுந்துபோய்
பழைய இடத்தில்
மெழுகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறது.

அவள் நான்காம் மாடியைத் தாண்டிவிட்டாள்,
ஐந்தாவதும் ஆயிற்று,
மொட்டைமாடிக் கதவருகே நின்று
திரும்பிப் பார்க்கிறாள்.
எல்லோரும் காத்திருக்கிறோம்.
நானும்தான்,
யாராவது கட் சொல்லட்டும் என்று.