மூட்டைக்கு ஒரு டிக்கெட்

முப்பத்தொன்றாம் தேதிக்குள்
பில்டருக்குச் சாவி வேண்டும்.
இருபத்தேழு வருட வீட்டை
ஒன்பது ஞாயிறுகளாகப் பங்கு போட்டோம்.
எட்டை வீணாக்கினோம்.

இன்று ஒன்பதாவது.
ஜாபர்கான்பேட்டை இரண்டாவது குறுக்குத் தெருவில்
கேட் கம்பியில் தராசைத் தொங்கவிட்டு
ஜக்ரியா பாய் சொல்கிறார்:
பேப்பர் தனி, இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி.
ஃபோட்டோ எடுக்க மாட்டேன் சார்,
சட்டத்தை மட்டும் கழட்டிக் குடுங்க.

இரண்டு வருடம் தொடாததெல்லாம் குப்பை,
இது மகள் ஆதிரை கொண்டுவந்த சட்டம்.
அப்படிப் பார்த்தா நானும் போகணும்
என்றாள் சுகந்தி.
காதில் விழாத மாதிரி
ஆளுக்கொரு டிராயரைத் திறந்தோம்.

டிவி போய்ப் பன்னிரண்டு வருடம்,
அதன் ஸ்டெபிலைசர் இருக்கிறது.
மூடி இல்லாத டப்பாக்கள்
டப்பா இல்லாத மூடிகள்
இத்தனை காலம் ஒரே அலமாரியில்,
ஒன்றையொன்று சந்திக்காமல்.
கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள் ஏழு,
ஏழும் வேறுவேறு நேரத்தில் நின்றவை.
அப்பாவின் 'ஸ்பேர்' டின்:
எதிலிருந்து கழன்றது என்று
அவருக்கு மட்டுமே தெரிந்த திருகாணிகள்.
அவர் இல்லாமல் அவை
அறுநூறு கிராம்.

வருத்தம் வரும் என்று காத்திருந்தேன்.
பசிதான் வந்தது.

பிறகு லாஃப்ட்.
ஸ்டூலில் ஏறினால் கண்ணுக்கு நேராக இல்லை,
தோளுக்குக் கீழே தெரிகிறது
மூன்று முறை பெயின்ட் அடித்தும்
மறையாத தண்ணீர்க் கோடு.
அந்த டிசம்பர் ராத்திரி
சாப்பாட்டு மேசைமேல் நின்றுகொண்டு
கைமாற்றி மேலே ஏற்றியது எல்லாம் இதோ:
பழைய மிக்ஸி, கொலு பொம்மைப் பெட்டி,
இருபது வருடத்துக் கரண்ட் பில்.
ஆற்றுக்குக் கொடுக்காததை
இன்று நாங்களே இறக்கி
கிலோ பன்னிரண்டு ரூபாய்க்குக் கொடுக்கிறோம்.
ஆறு அன்று சும்மாதான் கேட்டது.

கடைசி மூலையில் ஒரு சர்க்கரைச் சாக்கு.
நீல நைலான் கயிறு, இரட்டை முடிச்சு.
இது யாருது?
ஒருவரும் சொல்லவில்லை.
கத்தியால் அறுத்தேன்.

தையல் மிஷினின் தலை மட்டும்.
கைப்பிடி உடைந்த குக்கர்.
மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள்
நனையாத ஒரு மதிப்பெண் சான்றிதழ்:
பா. சங்கவி, கணக்கில் தொண்ணூற்றொன்று.

"வேண்டாமணியோடது" என்றாள் சுகந்தி, மெதுவாக.
பாய்க்கு 'வேண்டாம்' என்பது மட்டும் கேட்டிருக்கும்,
சாக்கைக் கொக்கியில் மாட்டப்போனார்.
ஐயோ இல்லை பாய், இல்லை,
அது பேரு.

ஆற்றோரத்திலிருந்து ஓடி வந்து
இடுப்பளவு தண்ணீரில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று
"அண்ணா, இதை மட்டும் மேல போடுங்க,
காலைல வாங்கிக்கிறேன்" என்றவள்.
காலை வந்தது.
அடுத்த வருடம் லாரி வந்தது.
அவர்கள் இருந்த இடத்தில் கம்பிவேலி வந்தது.
மேலே மூட்டை இருந்தது.
நாங்கள் கீழே
ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கினோம்.

சாக்கின்மேல் மார்க்கரில் பத்து எண்கள்.
போட்டுப் பார்த்தேன்.
உபயோகத்தில் இல்லை என்றது
ஒரு பெண் குரல், மிகுந்த மரியாதையோடு.

நானூற்றுப் பதினோரு கிலோ எங்கள் வீடு.
பாய் எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினார்.
அத்தனையும் போனதில்
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
நமதைத் தூக்கிப்போட நமக்கு உரிமை உண்டு.
இதற்கு?

மறுநாள், பேருந்து.
சுகந்திக்கு டிக்கெட் கிடையாது, இலவசம்.
மூட்டைக்கு எடுக்கணும் என்றார் கண்டக்டர்.
யாரோட லக்கேஜ் இது?
எங்களோடது இல்லீங்க என்று சொல்லிவிட்டு
காசை நீட்டினேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.
எங்க இறங்கணும்?
பெரும்பாக்கம்.
அங்க எந்த பிளாக்? பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்,
அது ஒரு ஊராச்சே சார்.

தெரியாது.

சீட்டுக்கடியில் நுழையவில்லை மிஷின் தலை.
மடியில் வைத்துக்கொண்டேன்.
கனம்.