மீதிச் சில்லறை

கான்சஸில் எங்கள் சின்ன ஊரை
இரண்டாக வகுத்துப் போனது ரயில் பாதை.
தடுப்புக் கட்டை இறங்கினால்
மறுபடி ஏறப் பத்து நிமிடம்.
"நிற்கிற காரிடம்தான் விற்க முடியும்" என்றாள் வெர்லா.
அவளுக்கு ஒன்பது வயது. எனக்கு எட்டேமுக்கால்.
அந்த மூன்று மாத வித்தியாசத்தை
ஒருநாளும் என்னை மறக்கவிட்டதில்லை.

சீட்டாடும் மேசை, அதில் ஒரு கால் நொண்டி.
முட்டுக்கொடுக்கத் தொலைபேசிப் புத்தகம்.
ஆறு எலுமிச்சை,
மற்றதெல்லாம் சர்க்கரையும் குழாய்த் தண்ணீரும்.
ஐஸ் மட்டும் தாராளம்.
ஐஸ் ஏறினால் லெமனேட் இறங்கும்,
இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
விலைப்பலகையில் நான் ஓரெழுத்தை விழுங்கிவிட
அவள் அதைக் கடைசியில்
வால்போலத் தொங்கவிட்டாள்.

கோதுமை லாரிக்காரர்தான் முதல் போணி.
குடித்தார், முகம் சுளித்தார்,
இன்னொன்று கேட்டார்.

நிலக்கரி வண்டி போகையில் பெட்டிகளை எண்ணுவோம்.
நூற்றுப் பன்னிரண்டு என்றால் பதினொரு கோப்பை.
எண்பது என்றால் ஏழுகூடப் போகாது.
கணக்கு அவளுடையது.
கார் காராக ஓடுவது நான்.

ஆகஸ்டில் ஒரு வியாழன்.
வரிசையில் மூன்றாவதாக நின்றது
வெர்லாவின் அப்பாவுடைய பிக்கப்.
பின்னால் இரண்டு சூட்கேஸ், தூண்டில்,
ஒரு மேசை விளக்கு.
அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மீன்பிடிக்கப் போகிறவருக்கு
எதற்கு மேசை விளக்கு?

கண்ணாடியை இறக்கி, "ஒண்ணு" என்றார்.
அன்றைக்கு அவளே கொண்டுபோனாள்.
ஐஸ் போடவில்லை.
விளிம்புவரை ஊற்றியிருந்தாள்.

ஐந்து டாலர் தாள் ஒன்றை நீட்டினார்.
"மீதி?" என்றாள்.
உதடு அசைந்தது.
ரயில் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
அவளுக்கும் கேட்டிருக்காது.
கட்டை ஏறியது.

"தொண்ணூற்றாறு" என்றாள் திரும்பி வந்து.
எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நாலு டாலர் தொண்ணூறு சென்ட்.
காலி ஊறுகாய்ப் போத்தலில் போட்டு
மேலே காகிதம் ஒட்டி எழுதினாள்: ஹார்லன்.
அப்பா என்று எழுதவில்லை.
"வரும்போது கேட்பார்."

அவள் அம்மா கண்ணில் படக்கூடாதென்று
போத்தல் எங்கள் வீட்டுக் கராஜில்,
பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது.
பள்ளி திறந்ததும் லாபத்தைப் பிரித்தோம்,
ஆளுக்கு ஆறு டாலர் இருபது.
என் பங்கு ஒரே வாரத்தில் கரைந்தது.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
அக்டோபரில் ஊருக்கு ராட்சத ராட்டினம் வந்தபோது
போத்தலிலிருந்து ஐம்பது சென்ட் எடுத்தேன்.
தனியாக ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை.
அவளைக் கூப்பிட்டேன். "என் காசு" என்றேன்.
உச்சியில் ராட்டினம் நின்றது.
ஊரே காலடியில் கிடந்தது, தானியக் கிடங்கு உட்பட.
நான் எங்கள் வீட்டுக் கூரையைத் தேடினேன்.
அவள் வடக்கே போகும் சாலையைப் பார்த்தாள்,
கீழே இறங்கும்வரை.

ஜனவரியில் அவர்கள் வீடு மாறினார்கள்.
போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
லேசாகக் குலுக்கிப் பார்த்தாள்.
ரயில் பெட்டியையே விடாதவள்
சில்லறையை எண்ணாமலா இருந்திருப்பாள்?

அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.
கம்பளிக் கையுறையைக் கழற்றிவிட்டு
என் கையைப் பிடித்து ஒரு குலுக்கு,
கடையை மூடிய பங்காளிகள்போல.