பத்தொன்பதாம் நாள்

ஐஸ்லாந்தின் மேற்கு ஓரத்தில்
ஸ்டெய்ன்வோரின் நிலத்துக்கு ஜூன் மாதம்
ராத்திரி என்று ஒன்று வருவதில்லை.
கம்பங்களில் பழைய துணி கட்டியிருக்கிறாள்,
வேலியில் ஒரு ரேடியோ.
மீன் விலை, வானிலை, யாரோ ஒருவரின் இறப்புச் செய்தி.
எல்லாவற்றையும் கேட்டபடி
எண்ணூறு ஈடர் வாத்துகள் அடைகாக்கின்றன.
மனிதக் குரல் இருந்தால் நரி தயங்கும்.

தன் மார்புத் தூவியைத் தானே பறித்து
மெத்தை போட்டுக்கொண்டவை.
இருபத்தைந்து நாள்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி.
எங்கள் பேச்சில் இது சொல்வழக்கு.
இங்கே கிராம் கணக்கு.

நான் தராசு பிடிக்க வந்தவன்.
கால் வளையம் 417:
முதல் நாள் இரண்டாயிரத்து நூறு.
பத்தாம் நாள் ஆயிரத்து எழுநூறு.
பதினெட்டாம் நாள் எடுத்துப் பையில் இடும்போது
நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் பட்டது.

மறுநாள் அது எழுந்தது.
முட்டைகள் மேல் தூவியை இழுத்து மூடியது.
தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்தேன்.
சிப்பி அடர்ந்த பாறைப் பக்கம் நீந்திப் போய்
முழுகியது, முழுகியது,
மறுபடி முழுகியது.

நான்கு முட்டை. மதியம் வரை சூடு இருந்தது.
"கல்நெஞ்சு" என்றான்
கோடை வேலைக்கு வந்த ஓட்டார்.
ஸ்டெய்ன்வோர் நோட்டைத் திறந்தாள். 417-இன் பக்கம்:
ஐந்து. ஐந்து. நான்கு. வரவில்லை.
ஆறு. மூன்று. வரவில்லை. ஐந்து.
இன்றைய தேதிக்கு நேரே எழுதினாள்: கடலில்.

பக்கத்துக் கூட்டின் 520 அசையவே இல்லை.
நான்கும் பொரித்தன.
ஐந்தாம் நாள் அது அலையோரம் கிடந்தது.
குஞ்சுகளை வேறு வாத்துகள் சேர்த்துக்கொண்டன,
சிலவற்றைக் கடற்காகங்கள்.
எத்தனை என்று எண்ண முடியவில்லை.

வட்டிக்காக முதலைத் தின்னாதே என்று
417-க்கு யாரும் சொல்லவில்லை.
520-ஐ யாரும் தடுக்கவும் இல்லை.
தராசுக்கு எடை தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மகன் போதும் என்று
முப்பத்திரண்டு வயதில் முடிவெடுத்தவள்
(மாமியார் இன்னும் மறக்கவில்லை)
இரண்டு கூட்டின் தூவியையும்
ஒரே சாக்கில் அள்ளிப் போட்டாள்.
ஒரு போர்வைக்கு அறுபது கூடு வேண்டும்.
போர்த்தித் தூங்குகிறவருக்கு
எது யாருடைய மார்பு என்று தெரியாது.

அடுத்த மே மாதம் அவளிடமிருந்து வந்தது:
417. வேலியோரம். மூன்று முட்டை.
ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டிருக்கிறேன்.