வடக்கு விளை

போர்க்காலக் கடிதங்கள் தேடி
கும்பகோணம் கோர்ட்டு ஆவண அறைக்கு வந்தேன்.
கிடைத்தது ஒரு நிலத்தகராறு.
சிவப்புத் துணிக் கட்டு. உதறினால் வெள்ளிப்பூச்சி.
வாதி செங்கமலம். பிரதிவாதி கொழுந்தன் தைலப்பன்.
பெட்டிக்குள் யாரும் ஆசையாய்ப் பூட்டிக் காத்ததல்ல இது.
வைரக்கண்ணு, வழக்கு நடந்ததால்தான்
உம்முடைய ஏழு கடிதமும் பிழைத்திருக்கிறது.

இவ்விடம் யாவரும் சுகம், என்கிறீர்.
இவ்விடம் என்பது எவ்விடம் என்று இல்லை.
யாவரும் என்பது நேற்று எத்தனை பேர், இன்று எத்தனை பேர்,
அதுவும் இல்லை.
மணல் உண்டு. கிணறு தோண்டினால் உப்பு.
மற்றபடி
மாட்டுக்குக் கோமாரி கண்டதா,
சொசைட்டிக் கடன் எவ்வளவு நிற்கிறது,
மேட்டூரில் திறந்துவிட்டானா?
ஆடியில் கேட்ட கேள்வி ஐப்பசியில் வந்து சேர்கிறது,
நடவு முடிந்து ஒரு களையும் எடுத்தான பிறகு.

நிற்க.

எழுத்து உம்முடையதல்ல.
இதே கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.
நாசரேத்துப் பக்கம் ஒரு வீட்டில்,
தன் அம்மாவுக்கு எழுதிய ஞானசிகாமணியின் கை.
'க' வுக்கு அதே கொக்கி. பேனா அழுந்தும் அதே இடம்.
கம்பெனியில் கைநாட்டுக்காரர் அத்தனை பேருக்கும்
அவர்தான் எழுதியிருக்கிறார் போல.
ஐந்து குடும்பத்தில் ஐந்து மனைவியர்
ஒரே மாதிரி விசாரிக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஏழாவது கடிதம், அ-7.
தந்தி வந்து பதினோரு நாள் கழித்து வந்தது என்கிறது தபால் முத்திரை.
அதில் மட்டும் அடியில் பெருவிரல் ரேகை.
சொத்து விஷயம் அல்லவா.
'வடக்கு விளை உனக்கே. யாருக்கும் விடவேண்டாம்.'
அடுத்து ஒரு விரற்கடை கறுப்பு மை,
அதற்கு அப்பால் 'கரையோரம்' என்று ஒரு சொல்.
குடமுருட்டி என்று இருந்திருக்கும்.
அது எந்தப் பாலைவனத்து ஊரோ என்று பயந்து
தணிக்கை அதிகாரி
எங்கள் ஆற்றை அடித்துவிட்டார்.

விளை.
தஞ்சாவூர் ஜில்லா அடங்கலில் அப்படி ஒன்று இல்லை.
தெற்கே அது தோட்டம், பனை நிற்கும் மேட்டு நிலம்.
வைரக்கண்ணு சொல்லியிருப்பார் ஒன்று,
ஞானசிகாமணியின் காதில் விழுந்தது தன் ஊர்.
பிரதிவாதி வக்கீல் எழுந்து சொல்கிறார்:
விளை என்றால் விளைச்சல், கனம் கோர்ட்டார் அவர்களே.
செத்தவர் கொடுத்தது அந்த ஒரு பூ நெல்தானே தவிர
மண் அல்ல.
மொழிபெயர்ப்பாளரும் இங்கிலீஷில் அப்படியே போட்டுவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம்.
கூண்டில் நின்ற செங்கமலத்தையும் கேட்டார்கள்.
உன் புருஷன் விளை என்று சொல்வாரா?
ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.
வக்கீல் கண்ணைக்கூடக் காட்டியிருப்பார்.
குமாஸ்தா எழுதிக்கொண்டது இது:
'அவங்க அப்படிப் பேசமாட்டாங்க.
கொல்லைன்னுதான் சொல்வாங்க.
இது வேற யாரோ பேசுறது.'

வழக்கு தள்ளுபடி.
செலவுத்தொகையும் அவள் தலையில்.

இரண்டு ஊர், மூன்று ஆண்டு,
ஒரு பூதக்கண்ணாடி எனக்கு வேண்டியிருந்தது.
அவளுக்கு ஒரு சொல் காதில் உரசியது, அவ்வளவுதான்.

அடங்கலைப் புரட்டினேன். வடக்கே இருப்பது ஒரு கொல்லை,
முப்பத்திரண்டு குழி. பெயர் தைலப்பன்.
மணி ஐந்தாகிறது. கட்டைக் கட்டவேண்டுமாம்.
எதற்கு நகல் வேண்டும் என்கிறார் ஆவணக் காப்பாளர்.
மனுவில் அ-7 என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு
வாதி சாட்சி ஒன்று, குறுக்கு விசாரணை,
மூன்றாம் பக்கம் என்று எழுதித் தந்தேன்.
அடித்தல் திருத்தலுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்.
போட்டேன்.