கீழே அரை அங்குலம்

கோத்தகிரியில் சாரல் பிடித்தால்
காகிதம் அப்பளமாய் நமத்துவிடும்.
ரீமுக்குப் பக்கத்தில் நூறு வாட் பல்பு எரியும்,
எனக்கு ஸ்வெட்டர்தான்.

பலகையில் பதிப்பகம் பெரிதாக, அச்சகம் சிறிதாக.
பதிப்பித்தது ஒன்று:
ஜோகி வாத்தியாரின் உறைபனிக் குறிப்புகள், முந்நூறு பிரதி.
இருநூற்று எழுபத்தொன்று மாடிப்படிக்கு அடியில்.

சோறு போடுவது பச்சைத்தேயிலை ரசீது.

நேற்று நஞ்சியம்மாள் வந்தார்.
4417 இரண்டு முறை விழுந்திருக்கிறது,
எண் போடும் கருவி குளிரில் ஒரு பல் தவறி.
அவருடைய முப்பத்தெட்டு கிலோ
வேறு யார் கணக்கிலோ போய்விட்டது.

ஃபேக்டரியில் கடைசி வரியைக் காட்டினார்களாம்.
எனக்கும் காட்டினார்,
விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி:
'பிழை இருப்பின் பதினைந்து தினங்களுக்குள் தெரிவிக்கவும்.'
"இன்னிக்குப் பதினாறு. என் தப்புதான்.
நாத்தனார் வீட்டுச் சாவுக்குப் போயிட்டேன்."

அதை யாரும் எழுதித் தரவில்லை.
ப்ரூஃபில் கீழே அரை அங்குலம் காலியாக நின்றது,
கண்ணை உறுத்தியது,
ஒரு சலவைக்கடை பில்லிலிருந்து எடுத்து வைத்தேன்.
எட்டு வருஷமாகிறது.

வாத்தியார் புத்தகத்தை
இப்படி விரல் வைத்து எவரும் படித்து நான் பார்த்ததில்லை.

முப்பத்தெட்டைப் பதினேழால் பெருக்கி
கல்லாவிலிருந்து நீட்டினேன்.
"ரூல்ஸ் இருக்கே" என்று தயங்கினார்.
எண்ணி, முடிந்துகொண்டு, போனார்.

அடுத்த ஆர்டரில் வரியை அழித்து
ப்ரூஃப் அனுப்பினேன்.
பத்து நிமிஷத்தில் மேனேஜர் போன்:
"முக்கியமானதையே விட்டுட்டீங்களே, சார்."